பொறி ஆறும் வரை

கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடரைக் கொஞ்சம் எடுத்து ஸ்பிரிட்டில் கலந்து பற்றவைத்தால் சுடர் பச்சையாக எரியும். கல்லூரியில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு இது பழகிய காட்சி. பச்சை விளிம்புள்ள சுடர், ஆகவே போரேட் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பார்கள். நோட்டில் எழுதாத செய்தி ஒன்று உண்டு. அந்தப் பச்சை போரான் அணு தனியாக இருந்து தரும் நிறம் கிடையாது. போரானும் ஆக்சிஜனும் சுடருக்குள்ளேயே சேர்ந்து உண்டாக்கும் மூலக்கூறின் நிறம் அது. அணுவின் ஒளி, மூலக்கூறின் ஒளி என்ற இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் இந்த அத்தியாயத்தில் பாதி தாண்டியாயிற்று.

அந்தப் பவுடரில் இருக்கும் போரான் அணுக்கள் எல்லாம் ஒரே எடை உள்ளவை அல்ல. ஐந்தில் நான்கு போரான்-11. மீதி ஒன்று போரான்-10. துல்லியமாகச் சொன்னால் 80.1 சதவீதமும் 19.9 சதவீதமும். வேதியியலுக்கு இந்த இரண்டு ஐசோடோப்புகளும் ஒன்றுதான். எந்த அமிலத்தில் கரைத்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். ஆனால் வேகம் தணிந்த ஒரு நியூட்ரான் எதிரே வரும்போது குணம் மாறிவிடுகிறது. போரான்-10 அதை விழுங்கும் வாய்ப்பு, போரான்-11 விழுங்கும் வாய்ப்பைவிடப் பல லட்சம் மடங்கு அதிகம். அணு உலைகளின் கட்டுப்பாட்டுத் தண்டுகளில் போரானை வைப்பது இதற்காகத்தான். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கான தண்டுகளில் இருப்பது போரான்-10 செறிவூட்டப்பட்ட போரான் கார்பைடு. அங்கே போரான் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் போதாது, எந்தப் போரான் எவ்வளவு என்று கேட்டாக வேண்டும்.

இதற்கு நூறு வயதான நம்பகமான பதில் ஒன்று இருக்கிறது. கேம்பிரிட்ஜில் பிரான்சிஸ் ஆஸ்டன் 1919-இல் உருவாக்கிய நிறை நிறமாலைமானி. பொருளை ஆவியாக்கி, அயனியாக்கி, காந்தப்புலத்தில் ஓடவிட்டால் எடை குறைந்தது அதிகம் வளையும், எடை கூடியது குறைவாக வளையும். போரானில் இரண்டு ஐசோடோப்புகள் உண்டு என்பதை ஆஸ்டன் கண்டது 1920-இல். இன்றைய கருவிகள் ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு விகிதத்தை லட்சத்தில் ஒரு பங்கு வரை சரியாகச் சொல்லிவிடுகின்றன. அதற்குக் கொடுக்கும் விலை நேரமும் உழைப்பும். மாதிரியைக் கரைக்க வேண்டும், வேதிமுறையில் தூய்மைப்படுத்த வேண்டும், உயர் வெற்றிடத்தில் வைக்க வேண்டும். போரான் கார்பைடு என்றால் இன்னும் சிரமம். வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கும் கடினமான பொருள் அது. சாதாரண அமிலங்களில் கரையாது. காரத்தோடு சேர்த்து உருக்கி வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

லேசர்காரர்களுக்குக் கரைக்கும் பழக்கமே கிடையாது. தியடோர் மைமன் 1960-இல் முதல் லேசரை எரியவைத்தார். இரண்டே ஆண்டில், 1962-இல், பிரெக், கிராஸ் என்ற இருவர் லேசர் துடிப்பால் ஒரு பொருளின் மேற்பரப்பைச் சுட்டு, அங்கே எழும் ஆவியின் ஒளியைக் கொண்டு அதில் என்னென்ன தனிமங்கள் என்று பார்க்கலாம் என்று அறிவித்துவிட்டார்கள். சுடும் இடத்தில் ஒரு சிறு பொறி தெறிக்கிறது. அது வெறும் நெருப்புப் பொறி அல்ல, எலக்ட்ரான்கள் கழன்ற பிளாஸ்மா. அதன் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளக் கோடுகளில் கையெழுத்துப் போட்டிருக்கும்.

இந்த முறை உலகத்தை விட்டே வெளியே போயிருக்கிறது. 2012 ஆகஸ்ட் 19 அன்று செவ்வாயில் கியூரியாசிட்டி ஊர்தியின் கெம்கேம் கருவி, கொரோனேஷன் என்று பெயரிட்ட ஒரு கல்லை 10 வினாடிகளில் 30 முறை சுட்டது. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 இறக்கிவிட்ட பிரக்யான் ஊர்தி, நிலவின் தென் துருவப் பகுதி மண்ணில் கந்தகம் இருப்பதை இதே முறையில் உறுதிசெய்தது. இரண்டு கருவிகளும் தனிமங்களின் பட்டியலைத் தந்தன. எந்த ஐசோடோப்பு எவ்வளவு என்று அவற்றிடம் கேட்டால் பெரும்பாலும் கைவிரிக்கத்தான் வேண்டும். காரணம் அணுவிடமே இருக்கிறது.

அணுவின் ஒளி எலக்ட்ரான் தாவுவதால் பிறக்கிறது. எலக்ட்ரானைக் கட்டிவைத்திருப்பது அணுக்கருவின் மின்னூட்டம். ஐசோடோப்பு மாறினாலும் அது மாறாது. கருவின் எடை மாறும்போது கோட்டின் இடம் நகரத்தான் செய்கிறது, ஆனால் மிக மிகச் சிறிதாக. ஹைட்ரஜன் மட்டும் தாராளமானது. அதன் கரு ஒன்றிலிருந்து இரண்டாகும்போது எடை இரட்டிப்பாகிறது, 656.28 நானோமீட்டரில் உள்ள சிவப்புக் கோடு 0.18 நானோமீட்டர் தள்ளிப்போகிறது. ஹரால்ட் யூரியும் அவருடைய கூட்டாளிகளும் 1931-இல் கன ஹைட்ரஜனைப் பிடித்தது இப்படிக் கோடு பார்த்துத்தான். போரானில் இந்த நகர்வு சுமார் 0.0025 நானோமீட்டர்தான். லித்தியத்தில் இயற்கை ஒரு விளையாட்டே காட்டுகிறது. அதன் 670.8 நானோமீட்டர் கோடு உண்மையில் ஒட்டி நிற்கும் இரட்டைக் கோடு. லித்தியம்-6, லித்தியம்-7 இரண்டுக்கும் இடையிலான நகர்வும், அந்த இரட்டைக்கு இடையிலான இடைவெளியும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் ஒரு ஐசோடோப்பின் கோடு மற்றதன் துணைக்கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.

கனமான தனிமங்களில் வேறு கதை. அங்கே எடை வித்தியாசத்தைவிடக் கருவின் பருமன் வித்தியாசம் முக்கியம். பெரிய கருவுக்குள் எலக்ட்ரான் கொஞ்சம் புகுந்து போகிறது. கரு பருத்தால் ஆற்றல் மாறுகிறது. யுரேனியம்-235, யுரேனியம்-238 இரண்டுக்கும் 424.4 நானோமீட்டர் அருகே 0.025 நானோமீட்டர் இடைவெளி கிடைக்கிறது. போரானைவிடப் பத்து மடங்கு. ஆய்வகத்தில் நல்ல நிறமாலைமானி இதைப் பிரித்துவிடும். ஆனால் லேசர் பொறி ஆய்வக விளக்கைப் போல அமைதியானது கிடையாதே. அதற்குள் எலக்ட்ரான்களும் அயனிகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. அவற்றின் மின்புலம் ஒவ்வொரு கோட்டையும் இழுத்து அகலப்படுத்திவிடுகிறது. சாதாரண காற்றழுத்தத்தில் கோட்டின் அகலமே ஐசோடோப்பு நகர்வின் அளவுக்கு வந்துவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் கோடு மெலியும். 1990-களில் யுரேனியத்தை அப்படித்தான், குறைந்த அழுத்த அறைக்குள் வைத்துச் சுட்டு அளந்தார்கள். அது சரிதான், ஆனால் வெற்றிடப் பம்பு மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது மூலக்கூறுக்கு வருவோம். இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு சும்மா இருப்பதில்லை. பிணைப்பு நீண்டும் சுருங்கியும் அதிர்ந்துகொண்டே இருக்கும். ஸ்பிரிங்கில் தொங்கும் குழந்தைத் தொட்டிலைப் பார்த்திருப்பீர்கள். பிறந்த குழந்தையைப் போட்டால் துள்ளித் துள்ளி மேலும் கீழும் போகும். அதே ஸ்பிரிங்கில் ஒரு வயதுக் குழந்தையைக் கிடத்தினால் நிதானமாக ஆடும். ஐசோடோப்பு மாறும்போது வேதிப்பிணைப்பு என்ற ஸ்பிரிங் மாறுவதில்லை, தொங்கும் எடை மட்டும் மாறுகிறது. போரான் மோனாக்சைடில் போரான்-11 இருந்த இடத்தில் போரான்-10 வந்தால் அதிர்வெண் 2.9 சதவீதம் கூடுகிறது. அதிர்வு ஆற்றல் மூலக்கூறு உமிழும் ஒளியின் கணக்கில் நேராகச் சேர்கிறது. எலக்ட்ரான் தாவும்போது அதிர்வுநிலையும் கூடவே மாறும் பட்டைகளில் நகர்வு பெரிதாகத் தெரியும். 255 நானோமீட்டர் அருகே புறஊதாவில் விழும் போரான் மோனாக்சைடு பட்டையில் இரண்டு ஐசோடோப்புகளும் சுமார் 0.7 நானோமீட்டர் விலகி நிற்கின்றன. அணுக்கோட்டில் கிடைத்ததைப் போல ஏறக்குறைய முந்நூறு மடங்கு. அணுக்கோட்டைப் பிரிக்க ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள நிறமாலைமானி வேண்டும். இதற்குக் கையடக்கக் கருவியே போதும்.

வியப்பு என்னவென்றால் இது புதிய கண்டுபிடிப்பே அல்ல. ஹார்வர்டில் இருந்த ராபர்ட் முல்லிக்கன் என்ற இளைஞர் 1924-இல் இதே போரான் பட்டைகளை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டினார். வில்பிரட் ஜெவன்ஸ் அவற்றைப் போரான் நைட்ரைடின் பட்டைகள் என்று சொல்லியிருந்தார். போரான் சேர்மத்தை நைட்ரஜனுக்குள் அனுப்பிப் பெற்ற ஒளியாதலால் அப்படி நினைத்ததில் தவறில்லை. முல்லிக்கன் ஐசோடோப்பு நகர்வை அளந்து கணக்குப் போட்டார். போரானின் துணை நைட்ரஜன் என்றால் அதிர்வெண் விகிதம் 2.75 சதவீதம் வேறுபட வேண்டும், ஆக்சிஜன் என்றால் 2.9 சதவீதம். அளவு ஆக்சிஜன் பக்கமே நின்றது. குழாய்க்குள் எங்கிருந்தோ நுழைந்த சொற்ப ஆக்சிஜன்தான் அவ்வளவு ஒளியையும் தந்திருக்கிறது. அதே அளவீடுகளில் இன்னொன்றும் கிடைத்தது. மிகத் தாழ்ந்த நிலையிலும் மூலக்கூறின் அதிர்வு முழுதாக நிற்பதில்லை, அரைக் குவாண்டம் மிச்சம் இருக்கிறது என்பதற்குச் சான்று. ஹைசன்பர்க்கின் குவாண்டம் இயக்கவியல் வெளிவருவதற்கு முன்பே அந்தச் சான்று வந்துவிட்டது. முல்லிக்கனுக்கு 1966-இல் வேதியியல் நோபல் கிடைத்தது வேறு வேலைக்காக. என்னைக் கேட்டால் இந்தப் போரான் வேலையும் அதற்குக் குறைந்தது அல்ல.

1929-ஆம் ஆண்டு மூலக்கூறுப் பட்டைகளின் பொற்காலம். ஜியாக், ஜான்ஸ்டன் இருவரும் சூரிய ஒளி நம் காற்றைக் கடக்கும்போது விழும் ஆக்சிஜன் பட்டைகளில் சில மெல்லிய கோடுகளுக்கு விளக்கம் தேடி, ஆக்சிஜன்-18 இருக்கிறது என்றார்கள். கிங், பர்ஜ் இருவரும் கார்பன் மூலக்கூறின் பட்டையில், 473.7 நானோமீட்டர் விளிம்புக்கு அருகே 474.4-இல் மங்கலாக ஒரு விளிம்பைக் கண்டு, கார்பன்-13 இருக்கிறது என்றார்கள். இரண்டையும் நிறை நிறமாலைமானி அதுவரை தவறவிட்டிருந்தது. பர்ஜ், ஜியாக் இருவரும் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரர்கள்.

பிறகு நிறை நிறமாலைமானிகள் வளர்ந்தன; ஒளியால் ஐசோடோப்பு பார்ப்பது பாடப்புத்தக உதாரணமாகச் சுருங்கியது. லேசர் பொறியை ஆராய்ந்தவர்களோ வேறு அவசரத்தில் இருந்தார்கள். தனிமங்களின் கோடுகள் பளிச்சென்று தெரியும் முதல் சில மைக்ரோவினாடிகள்தான் அவர்களுக்கு வேண்டும். அதற்குப் பின் வரும் மங்கல் ஒளியில் அணுக்கோடுகள் தளர்ந்து, கூட்டம் கூட்டமான பட்டைகள் தலைகாட்டும். அந்த ஒளியை இடைஞ்சலாகவே கருதி, கேமராவின் வாயிலை முன்னதாகவே மூடிவிடுவார்கள். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பின்னொளி பெரும்பாலும் கேட்பாரற்றுக் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தவர்களும் பெர்க்லிக்காரர்களே. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ருசோ, அலெக்சாண்டர் போல்ஷகோவ், சியாங்லே மாவ் முதலியோர் 2011-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு லேசர் நீக்க மூலக்கூறு ஐசோடோப்பு நிறமாலையியல் என்று நீளமான பெயர் வைத்தார்கள். ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து லாமிஸ் என்பார்கள். முதல் சோதனைகளில் அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களில் முக்கியமானது, முல்லிக்கனைப் போலவே, போரான்.

ஒரு சுடுதலை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். சிறு வில்லையாக அழுத்திய போரான் சேர்மம் மேடையில் இருக்கிறது. வெள்ளை வில்லை, பார்க்க மாத்திரை மாதிரி இருக்கும். மேலே ஒரு வில்லைக்கண்ணாடி. அதன் வழியாகக் கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் அகச்சிவப்புத் துடிப்பு ஒன்று இறங்குகிறது. ஆற்றல் 50 மில்லிஜூல், நீளம் 5 நானோவினாடி. ஆற்றல் சொற்பம், ஆனால் அந்த 5 நானோவினாடிக்கு மட்டும் திறன் 1 கோடி வாட். அது குவியும் இடத்தின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன். அங்கிருந்த பொருள் உருகி ஆவியாகி அயனியாவதெல்லாம் ஒரே கணத்தில். பட்டென்று ஒரு சத்தம் கேட்கும். பொறி விரிந்து காற்றைத் தள்ளும் அதிர்ச்சி அலையின் சத்தம். வெப்பநிலை 10,000 கெல்வினைத் தாண்டுகிறது, சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம். முதல் சில நூறு நானோவினாடிகளில் வருவது வெறும் வெள்ளை ஒளி, எந்தத் தகவலும் இல்லை. ஒரு மைக்ரோவினாடி கழிந்ததும் கோடுகள் துலங்குகின்றன, முதலில் அயனிகள், பிறகு அணுக்கள். வழக்கமான ஆய்வு இங்கே நடந்து முடிந்துவிடும்.

லாமிஸ் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பொறி விரிய விரியக் குளிர்கிறது. சில ஆயிரம் கெல்வினுக்கு இறங்கும்போது, தனித்தனியாகத் திரிந்த போரான் அணுக்கள் சுற்றியுள்ள காற்றின் ஆக்சிஜனோடு கூடுகின்றன. அதற்கு முன் கூடினாலும் அந்தச் சூட்டில் பிய்ந்துபோகும். பல மைக்ரோவினாடிகள் முதல் சில பத்து மைக்ரோவினாடிகள் வரையிலான அந்த இடைவெளியில் போரான் மோனாக்சைடு ஒளிர்கிறது. எலக்ட்ரான் கூட்டமும் கலைந்திருப்பதால் கோடுகளை இழுத்து அகலப்படுத்த ஆளில்லை. கேமராவின் வாயிலை அப்போது திறந்தால் போதும். வெற்றிட அறை தேவையில்லை. சொல்லப்போனால் காற்று இருந்தே ஆக வேண்டும், ஆக்சிஜன் தருவது அதுதான். மேடையில் மிஞ்சுவது கண்ணுக்குச் சிரமப்பட்டுத் தெரியும் ஒரு குழி.

கிடைத்த நிறமாலையைப் படிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. மூலக்கூறு அதிர்வது மட்டுமல்ல, சுழலவும் செய்கிறது. அதனால் ஒவ்வொரு பட்டையும் நெருங்கி நிற்கும் நூற்றுக்கணக்கான கோடுகளின் தொகுப்பு. போரான்-10 பட்டையும் போரான்-11 பட்டையும் விளிம்பில் விலகி நின்றாலும் அவற்றின் வால்கள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. எனவே ஒரு கோட்டின் உயரத்தை மட்டும் அளந்து விகிதம் சொல்ல முடியாது. விகிதம் முன்கூட்டியே தெரிந்த கலவைகளைச் செய்து, அவற்றின் நிறமாலைகளைக் கணினிக்குக் கொடுத்து, புதிதாக வந்த நிறமாலையின் முழு வடிவத்தையும் அவற்றோடு பொருத்திப் பார்க்கிறார்கள். ஒரு சுடுதல் இன்னொன்றைப் போல இருக்காது என்பதால் பல சுடுதல்களின் ஒளியைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

நிறை நிறமாலைமானியை வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்றால், இல்லை. லட்சத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்குப் பக்கத்தில்கூட இந்த முறை வரவில்லை. ஒரு சதவீதத்தை ஒட்டிய துல்லியம் போதும் என்கிற கேள்விகளுக்குத்தான் இது. பாறையின் வயதை ஸ்ட்ரான்சியம் விகிதத்தால் கணக்கிடுகிறவர் இன்னும் கரைத்து வடிகட்டித்தான் ஆக வேண்டும். இயற்பியலும் ஓர் எல்லை போடுகிறது. யுரேனியம் ஆக்சைடில் 238-ஐ எடுத்து 235-ஐ வைத்தால் அதிர்வெண் மாறுவது 0.04 சதவீதம் மட்டுமே, ஏனெனில் அந்த இணையில் அதிர்வின் பெரும்பங்கு லேசான ஆக்சிஜனுடையது. லேசான தனிமங்களுக்கு மூலக்கூறு நல்ல துணை. மிகக் கனமானவற்றுக்கு அணுக்கோடே பல நேரம் மேல். ஹைட்ரஜன், போரான், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்று கீழ்வரிசையில்தான் லாமிஸ் சிறக்கிறது. நடுவில் ஸ்ட்ரான்சியத்தின் ஆக்சைடையும் ஃபுளோரைடையும் வைத்து அளந்திருக்கிறார்கள்.

இன்னொரு உறுத்தல் உண்டு. பொறி விரியும்போது லேசான ஐசோடோப்பு கொஞ்சம் முந்தும். பொறியின் விளிம்பில் பார்த்தால் ஒரு விகிதம், நடுவில் பார்த்தால் இன்னொரு விகிதம் வரலாம். மூலக்கூறு சேரும் வேகத்திலும் எடை வித்தியாசம் கொஞ்சம் கைவைக்கும். ஒளியைச் சேகரிக்கும் இடத்தையும் நேரத்தையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, தெரிந்த கலவைகளையும் அதே நிலையில் அளந்தால் இந்தப் பிழை பெரும்பாலும் அடித்துப் போய்விடும். அப்படிச் செய்யாமல் வந்த எண்ணை நான் நம்பமாட்டேன்.

இந்தக் குறைகளோடும் இது எங்கே விலைபோகும் என்பதற்குக் கட்டுப்பாட்டுத் தண்டே நல்ல சாட்சி. உலைக்குள் இருக்கும்போது போரான்-10 நியூட்ரானை விழுங்கி லித்தியம்-7 ஆகவும் ஹீலியமாகவும் உடைகிறது. போரான்-11 அப்படியே இருக்கும். அதனால் தண்டு பழசாகப் பழசாக அதன் ஐசோடோப்பு விகிதம் இறங்கிக்கொண்டே போகும். அந்த விகிதம் தெரிந்தால் தண்டுக்கு இன்னும் எவ்வளவு வேலைசெய்யத் தெம்பு இருக்கிறது என்று தெரியும். வெளியேறாத ஹீலியம், தண்டுக்குள் இருக்கும் போரான் கார்பைடு வில்லைகளை வீங்கவைத்து விரிசல் விடவும் செய்யும். வெளியே எடுத்த தண்டு கதிர்வீச்சு உள்ளது. அதை யாரும் கையில் எடுத்துக் கரைக்கப் போவதில்லை. தடித்த சுவருள்ள அறைக்குள், ஈயக்கண்ணாடிச் சாளரத்துக்கு அப்பால் இயந்திரக் கைகளால்தான் கையாள முடியும். லேசர் துடிப்பு கண்ணாடி வழியாக உள்ளே போகும், பொறியின் ஒளியை ஓர் ஒளியிழை வெளியே கொண்டுவரும். வேதிப்பொருள், கழிவு நீர் எதுவும் சேராது.

கரைத்து அளந்தால் வில்லை முழுவதற்குமான சராசரி ஒன்றுதான் கைக்கு வரும். ஆனால் வேகம் தணிந்த நியூட்ரான்கள் வில்லையின் ஓரத்திலேயே பெரும்பாலும் விழுங்கப்பட்டுவிடும். நடுப்பகுதி வரை போய்ச்சேர்பவை குறைவு. ஓரத்தில் போரான்-10 தீர்ந்துபோயிருக்கும்போது நடுவில் ஏறக்குறைய புதிதாகவே இருக்கலாம். வேக உலையில் நியூட்ரான் ஆழமாக ஊடுருவுவதால் இந்த ஏற்றத்தாழ்வு குறைவு, தண்ணீரால் நியூட்ரானைத் தணிக்கும் உலைகளில் அதிகம். குறுக்கே வெட்டிய வில்லையின் ஓரத்திலிருந்து மையம் வரை தலைமுடித் தடிமன் குழிகளாக வரிசையாகச் சுட்டுக்கொண்டு போனால், எந்த ஆழம் வரை போரான்-10 தீர்ந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு குழியின் பின்னொளியிலும் படிக்கலாம்.